பதினான்கு இலைகளும் ஐம்பத்தாறு கிலோ எழுநூறும்

இந்தியாவின் தலைசிறந்த கூண்டுச் சண்டைக்காரர்கள் பத்துப் பேரைப் பற்றிப் புத்தகம் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, ஈப்போவில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது, அவங்ககூட எப்படிப் பேசுவீங்க?" பேசுவதற்கு எனக்கு மூச்சு போதும் என்றேன். சாப்பிடுவதற்கும் மூச்சு வேண்டும் என்பது செஞ்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

கூண்டுச் சண்டை என்றால் குத்து, உதை, மல்யுத்தம், கைப்பூட்டு எல்லாம் கலந்த சண்டை. எட்டுப் பக்கமும் கம்பி வலை கட்டி, இரண்டு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். இருபது வருடமாக மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன். கடைசி எட்டு வருடம் இதைத்தான் எழுதுகிறேன். ஒன்பது பேரைப் பார்த்து முடித்திருந்தேன். ஒருவர் அரியானாவில் எருமை மேய்ப்பவர், ஒருவர் மணிப்பூரில் பேருந்து நடத்துநர், இன்னொருவர் மும்பையில் வக்கீல். அந்த வக்கீல் என்னிடம் பேசிய அரை மணி நேரமும் கைகளை முகத்துக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

என் பட்டியலுக்கு ஒரு விதி உண்டு. எடை தவறியவருக்கு இடமில்லை. சண்டைக்கு முந்திய நாள் தராசில் ஏறி, சொன்ன எடைக்குள் நிற்க வேண்டும். அடிக்கவும் அடி வாங்கவும் யாராலும் முடியும். வாயைக் கட்டுவதுதான் பெரிய காரியம் என்பது என் கட்சி. இந்த விதியால் நல்ல ஆட்கள் மூன்று பேரைக் கழித்திருந்தேன்.

பத்தாவது இடத்துக்கு மிச்சம் இருந்தவள் செஞ்சி ரேவதி. எட்டுச் சண்டை, எட்டு வெற்றி, ஒருமுறைகூட எடை தவறியதில்லை. ஒன்பதாவது சண்டை ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய சொந்த ஊரிலேயே. அதில் ஜெயிப்பவர் பஹ்ரைனுக்குப் போய் ஆசியப் போட்டியில் மோதலாம். அதற்கு அவள் சனிக்கிழமை காலை ஐம்பத்தாறு கிலோ எழுநூறு கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி கூடினாலும் பஹ்ரைனும் இல்லை, என் பட்டியலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பகலில் நான் செஞ்சியில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அன்று அமாவாசை என்பதை நான் கவனிக்கவில்லை. பேருந்தில் எள் போட்டால் எள் விழாது. சன்னலில் கோட்டை மலை தெரிந்ததும் எழுந்து நின்றேன். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. எனக்கும் படிக்கும் நடுவில் நாற்பது பேர் இருந்தார்கள்.

"அம்மாளப் பாக்கக் கெளம்பிட்டு நடுவுல எறங்கக் கூடாது சார்" என்றார் என் மூக்குக்கு நேராக நின்றவர்.

நான் அம்மனைப் பார்க்க வரவில்லை, கூண்டில் சண்டை போடுகிற ஒரு பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று விளக்கினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர். அம்மன் கோயில் இருக்கும் மேல்மலையனூரில்தான் என்னால் இறங்க முடிந்தது.

திரும்பி வரும் பேருந்தில், மடியில் எலுமிச்சம்பழமும் குங்குமப் பொட்டலமுமாக ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் கஸ்தூரி. பத்து நிமிடத்தில் என் ஊர், வேலை, பிள்ளைகள், சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பது வரை கேட்டு முடித்துவிட்டார். ஈப்போவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியப் பன்னிரண்டு வருடம் ஆனது. யாரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னதும் சிரித்தார்.

"எம் பொண்ணுதாண்ணா. அவளுக்குத்தான் வேண்டிகினு வரேன்."

"ஜெயிக்கணும்னா?"

"ஜெயிக்கறதெல்லாம் அவ பாத்துக்குவா. எடை கொறையணும்னு வேண்டிகினேன்." பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்க நல்லா சாப்புடுவீங்களாண்ணா?"

அதை நான் அன்பான விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு நெல் மண்டிக்கு வரச் சொன்னார்கள். ரேவதியின் அப்பா முனுசாமி அங்கே எடை போடுபவர். மெலிந்த மனிதர், காதில் பேனா. மூட்டை தராசில் ஏறியதும், அதன் பின்னால் மேசையில் இருக்கும் சிவப்பு எண்ணைப் பார்த்து ராகம் போட்டுக் கூவுவார். எதிரே நிற்கிறவர்களுக்கு அந்த எண் தெரியாது. அவர் குரல்தான் தெரியும். அது போதும், அவர் சொன்னால் விவசாயியும் வியாபாரியும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்றார் கஸ்தூரி.

"முப்பது வருசத்துல ஒரு மூட்டகூட தப்பா சொன்னதில்ல சார்" என்றார் முனுசாமி.

இதுவரை ரேவதியின் எடையைப் புதுச்சேரியில் அவளுடைய பயிற்சியாளர்தான் பார்ப்பாராம். இந்த முறை சண்டை உள்ளூரில் என்பதால், வீட்டிலேயே எடைக்காரன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று முனுசாமி பொறுப்பை வாங்கிக்கொண்டார். பயிற்சியாளர் போனில் கேட்பார். அப்பா கூவிய எண்ணை மகள் சொல்வாள்.

ரேவதி குள்ளமான பெண். இருபத்தாறு வயது. கூண்டில் உரசி உரசி இரண்டு காது மடலும் பணியாரம்போல் உப்பியிருந்தன. தராசில் வாசல் பக்கம் பார்த்து நின்றாள்.

"அம்பத்தொம்போது முந்நூறு" என்று கூவினார் அப்பா.

இன்னும் இரண்டு கிலோ அறுநூறு. மூன்று நாளில் குறைத்துவிடலாம் என்று இறங்கி, நெல் மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுப் போட்டுப் பயிற்சியை ஆரம்பித்தாள். சும்மா நின்ற என்னையும் முனுசாமி தராசில் ஏற்றினார். "எம்பத்திநாலு" என்றார். ஈப்போவில் எண்பத்தைந்து இருந்தேன். பயணத்தில் இளைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

மண்டி வாசலில் ஒரு பேனர் கட்டியிருந்தது. நடுவில் கையுறையோடு ரேவதி. 'பஹ்ரைன் செல்லும் எங்கள் வீராங்கனையே வருக'. அவள் இன்னும் எங்கேயும் செல்லவில்லை, செஞ்சியிலிருந்து எங்கே வருவது என்றும் புரியவில்லை. சுற்றிலும் பதினான்கு முகங்கள்: பெரியம்மா, சித்தப்பா, மாமாக்கள், கடைக்காரர், பள்ளித் தோழி. கஸ்தூரி என்னை அதன் முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகக் கை காட்டினார்.

"இதுல மூஞ்சி போட்ட எல்லார் வூட்லயும் அவ சாப்ட்டாவணும். வெளிநாடு போற பொண்ணு கை நனைக்காம போனா சொந்தம் அத்துப்பூடும்."

"இன்னும் ஜெயிக்கவே இல்லையே அம்மா?"

"ஜெயிச்சப்பறம் டைம் இருக்காதுன்றாங்க."

"எடை விஷயத்தைச் சொல்லலாமே?"

"சொன்னேன். ஒரு வாய் சோத்துல இன்னா ஏறிடப் போவுதுன்றாங்க. எங்க நாத்தனார் வூட்ல ஒருவாட்டி பாயசம் வேணான்னேன். பதினோரு வருசமா பேச்சு இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அதான் மலையனூரு அம்மா உங்கள அனுப்பிருக்குது."

இப்படித்தான் நான் ரேவதியின் வாயானேன். ஏற்பாடு எளிது. எந்த வீட்டுக்குப் போனாலும் வெளிநாட்டு விருந்தாளி என்று என்னை அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நான் என் இலையைக் காலி செய்ததும், வீட்டுக்காரம்மா ரசம் எடுக்க உள்ளே திரும்பும் விநாடியில் இரண்டு இலையும் இடம் மாறும். எதிராளியின் கண் ஒரு விநாடி விலகினால் போதும் என்பதுதான் அவள் தொழிலே. குழம்பு ஒரு சொட்டுத் தரையில் விழாமல் மாற்றினாள். முதல் வீட்டிலேயே கணக்கில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. அவள் முன்னால் காலி இலையைக் கண்டு மகிழ்ந்த வீட்டுக்காரம்மா அதை மறுபடி நிரப்பினார். என் முன்னால் நிறைந்த இலையைக் கண்டு, "இன்னா சார், கூச்சப்படறீங்க" என்று அதன்மேலும் இரண்டு வடை வைத்தார். அடுத்து மோர் எடுக்கப் போனார். இலைகள் மறுபடி மாறின.

புதன் பகலில் சாம்பார், அப்பளம், பாயசம். மூன்று மணிக்குக் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். மென்றிருந்தாலாவது நேரம் கிடைத்திருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும்போது ஒரு பை மல்லாட்டை தந்தார்கள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். ஈப்போவில் விருந்துக்குப் போனால் நாமே தட்டெடுத்துப் போட்டுக்கொள்வோம், போதும் என்றால் போதும். இங்கே போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினால், விரல் இடுக்கு வழியாகச் சோறு விழுகிறது.

வியாழக்கிழமை பிரியாணி வீட்டிலிருந்து நேராக மேல்சித்தாமூர் போனோம். ரேவதியின் பள்ளித் தோழி வீடு, தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாயும் முன்பே சாப்பிட்டு முடிப்பவர்கள் என்பதால் ஐந்து மணிக்கே இலை போட்டார்கள். பருப்பும் நெய்யுமாகச் சோறு வந்தது. அந்தத் தோழியின் அப்பா ஒருவர்தான், ரேவதி கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "வெரதமாம்மா? அப்பன்னா வற்புறுத்தக் கூடாது" என்று இலையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டோவில் திரும்பும்போது கஸ்தூரியிடம் கேட்டேன். "எல்லா வீட்டிலும் விரதம் என்றே சொல்லியிருக்கலாமே?"

"அவுங்க நோம்பு இருக்கறவங்க, மதிக்கறாங்க. நம்ம வூட்ல போய் சொன்னா, அமாவாசதான் முடிஞ்சி போச்சே, இன்னா வெரதம்னு கேப்பாங்க."

அந்த ஆட்டோ என் பாரத்தினாலோ என்னவோ பாதி வழியில் நின்றுவிட்டது. நான் இறங்கி நிற்க, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காத பெண் அதைத் தள்ளினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. தள்ளினால் வியர்க்கும், வியர்த்தால் நல்லதுதான் என்றாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது வீடு, பெரியம்மாவுடையது. அங்கே எங்களுக்கு முன்பே ஒரு பெண் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர் காயத்ரி, ஞாயிற்றுக்கிழமை ரேவதியோடு மோத வேண்டியவள். முகூர்த்த வாரம் என்பதால் ஊரில் லாட்ஜ் எதிலும் அறை இல்லை, வயசுப் பொண்ணு எங்கே தங்கும் என்று பெரியம்மாவே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாராம். புதன்கிழமையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள்.

"வேண்டாம்னாலும் வெக்கறாங்ளே சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மூஞ்சி வாடிப் போயிருதுங்க அவங்களுக்கு. என்ன பண்றதுன்னே தெரியலீங்."

அவள் இலையில் சோறு மலையாக இருந்தது. அவளுக்கு வலப்பக்கமும் யாரும் இல்லை, இடப்பக்கமும் யாரும் இல்லை. அவளுக்காகவும் ஒரு கை பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் என் வேட்டியே அதற்குள் கயிறு கட்டித்தான் நின்றுகொண்டிருந்தது. நான் என் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை மண்டியில் ரேவதி உதடு வெடித்து, கண் உள்ளே போய் நின்றாள். "அம்பத்தாறு எழுநூறு" என்று கூவினார் முனுசாமி. கஸ்தூரி கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அந்த இரண்டு கிலோ அறுநூறில் எனக்கும் பங்கு உண்டு. நானும் ஏறினேன். "எம்பத்தேழு நானூறு" என்றார்.

எடை பார்ப்பது மண்டிக்கு எதிரே இருந்த கல்யாண மண்டபத்தில். முதல் நாள் கல்யாணத்தின் வாழை மரம்கூட எடுக்கவில்லை. மண்டபத்தின் நடுவே கூண்டு நின்றது. மேடையில் மணமக்கள் நாற்காலிகளில் ரேவதியும் காயத்ரியும் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். கல்யாணப் போட்டோக்காரரே படம் எடுத்தார். எதிரிகள் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். அவர் "கொஞ்சம் சிரிங்கம்மா, தோள்ல கை போடுங்க" என்றார். போட்டுக்கொண்டார்கள்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி தராசை வைத்தார். ரேவதி ஏறினாள்.

"ஐம்பத்தேழு எழுநூறு" என்றார் அதிகாரி.

முனுசாமி மேடை ஏறிவிட்டார். "தப்பு சார். காலையில நான் போட்டேன். அம்பத்தாறு எழுநூறு."

"இது சரியான தராசுங்க. இரண்டு மணி நேரம் இருக்கு, குறைச்சிட்டு வரச் சொல்லுங்க."

"ஒங்க தராசு தப்பு" என்றார் முனுசாமி. நான் பார்த்ததிலேயே சாதுவான மனிதர் அவர். எதிரே ஓடிப் போய், முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதிகாரியின் தராசில் இறக்கினார். சரியாக இருபது காட்டியது. எடுத்தார், மறுபடி வைத்தார். இருபது. அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. ரேவதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஏதோ உறைத்தது. "முனுசாமி, காலையில் என் எடை எவ்வளவு?"

"எம்பத்தேழு நானூறு."

கல்லைக் கீழே இறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு அதிகாரியின் தராசில் ஏறினேன். எண்பத்தெட்டு நானூறு. அப்பட்டமாக ஒரு கிலோ. எனக்கும் ஒரு கிலோ, அவளுக்கும் ஒரு கிலோ.

முனுசாமி அந்த எண்ணையே பார்த்தார். பிறகு எடைக்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோணி" என்றார்.

மூட்டை தராசில் ஏறினால் கோணிக்கு ஒரு கிலோ கழித்துவிட்டுத்தான் கூவ வேண்டும். அதுதான் மண்டி வழக்கம். முப்பது வருடமாகக் கண் பார்த்ததும் வாய் தானாகக் கழித்துவிடும். சிவப்பு எண் ஐம்பத்தேழு எழுநூறு என்று காட்டியிருக்கிறது. அவர் மகளுக்கும் கோணி கழித்திருக்கிறார். எனக்கும் கழித்திருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. "ஒன்ன மூட்டன்னு நெனச்சிட்டேன்மா" என்றார் மகளைப் பார்த்து. அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

"வுடு நைனா" என்றாள் ரேவதி. "ராஜகிரி கோட்ட ஏறி எறங்கினா ஒரு கிலோ போயிடும். வேர்க்கறதுக்கு ஒரு கோணி எடுத்து குடு."

அடுத்துக் காயத்ரி ஏறினாள். ஐம்பத்தெட்டு தொள்ளாயிரம். பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முனுசாமி மண்டிக்கு ஓடிப் போய்ப் புதுக் கோணி கொண்டு வந்தார். ஒன்றல்ல, இரண்டு. தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, ஒன்றை மகளுக்கும் ஒன்றை அவளுடைய எதிரிக்கும் மாட்டிவிட்டார்.

கோட்டைக்கு ஆட்டோவில் போய் இறங்கியபோது ஒரு மணி நேரமும் இருபத்தைந்து நிமிடமும் மிச்சம். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் கேட்டார். "இன்னாமா, கோணி கட்டிகினு?"

"எடை கொறைக்கணும்ணா."

அவர் சீட்டைக் கிழித்து என்னிடம் தந்தார். "அப்ப நீங்கதான சார் கோணி கட்டணும்."

இரண்டு பெண்களும் வெயிலில் படியேறி ஓடினார்கள். நான் பின்னாலேயே கிளம்பி நூறு படியில் உட்கார்ந்துவிட்டேன். என் பையில் பதின்மூன்றாம் வீட்டு அதிரசம் இருந்தது. ஒரு குரங்கு வந்து பையோடு வாங்கிக்கொண்டு போனது. இந்த ஊரில் என்னிடமிருந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்ட முதல் ஜீவன் அதுதான். மனதார வாழ்த்தினேன்.

மேலே ஏறிக்கொண்டிருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, கோணி உடுத்தி ஓடும் இரண்டு பெண்களைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கிக் கைகூப்பியது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். ஓர் அம்மாள் கைக்குழந்தையை நீட்டினார். ரேவதி நிற்காமல் அதன் தலையில் கை வைத்துவிட்டு ஓடினாள். பின்னால் வந்த காயத்ரியிடமும் நீட்டினார். அவளும் வைத்தாள். திரும்பி இறங்கும்போது, மேலேறிய பாதிப் பேர் ஓரமாக வரிசையில் நின்றிருந்தார்கள்.

மண்டபத்துக்கு வந்தபோது ஏழு நிமிடம் மிச்சம். ரேவதியைக் கஸ்தூரி தாங்கிப் பிடித்து ஏற்றினார். எல்லோரும் முனுசாமியைத்தான் பார்த்தார்கள். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"ஐம்பத்தாறு எழுநூறு" என்றார் அதிகாரி.

வெளியே யாரோ வெடி வைத்தார்கள். அது அடங்கியதும் காயத்ரி ஏறினாள். ஐம்பத்தேழு எண்ணூறு. அவளும் ஒரு கிலோ நூறு குறைத்திருந்தாள், போதவில்லை. நேரம் முடிந்தது.

அதிகாரி மைக்கை எடுத்தார். காயத்ரி எடை தவறிவிட்டார், ரேவதி சண்டையே போடாமல் பஹ்ரைன் போகலாம் என்றார். ரேவதி சம்மதித்தால் மட்டும் சண்டை நடக்கும். அதில் தோற்றால் பஹ்ரைன் காயத்ரிக்கு. விதியைச் சொல்ல வேண்டுமே என்று சொன்னார், அவ்வளவுதான். ஊர் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. மேளக்காரர்கள் கெட்டிமேளம் தட்டினார்கள். மண்டப வாடகையோடு சேர்த்து அவர்களும் வந்திருந்தார்கள்.

காயத்ரி கோணியோடு ஓரமாக நின்று அழுதாள். "அம்மாவுக்கு என்னன்னு சொல்றதுன்னு தெரியலீங்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"சண்ட போடறேன் சார்" என்றாள் ரேவதி.

கஸ்தூரி அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏண்டி, இன்னா பேசற? கெடச்சது கைய வுட்டு போவணுமா?"

"அவ மேல தப்பு இல்லம்மா. அந்த ஒரு கிலோ நம்ம பெரிம்மா வூட்டு சோறு." பிறகு என் பக்கம் கை காட்டினாள். "எனக்கு சாப்ட ஆள் இருந்தாரு. அவளுக்கு யாரு இருந்தா?"

எட்டு வருடமாகக் கட்டிக் காத்த என் விதி அந்த இடத்திலேயே என் கையைவிட்டுப் போனது. அந்தப் பெண்ணின் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டவன் நான்தானே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சண்டை. முதல் சுற்றில் காயத்ரி ரேவதியைத் தூக்கிக் கீழே அடித்தாள். மூக்கில் ரத்தம் வந்தது. முன்வரிசையில் யாரோ வேண்டாம் என்று விரலை ஆட்ட, அதைக் கல்யாணத்தில் காட்டும் வழக்கமான சைகை என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளம் வாசித்தார்கள். இரண்டாவது சுற்றிலும் காயத்ரி கைதான் ஓங்கியிருந்தது. கஸ்தூரி எலுமிச்சம்பழத்தைக் கசக்கியே விட்டார். இந்தப் பெண் தானாகப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. வேறு காரணங்களாலும் எரிந்தது.

மூன்றாவது சுற்று பாதி போனபோது ரேவதி குனிந்து, காயத்ரியின் இடுப்புக்குக் கீழே தோளைக் கொடுத்து, மண்டியில் மூட்டை தூக்குகிற மாதிரியே தூக்கினாள்.

"அறுவது இருக்கும்" என்றார் என் பக்கத்தில் முனுசாமி, தன்னையறியாமல்.

மூட்டையை இறக்குவதுபோல் இறக்கி, விழுந்த வேகத்தில் கையைப் பூட்டினாள். காயத்ரி தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினாள். இந்த முறை கெட்டிமேளம் சரியான நேரத்தில் வந்தது.

அன்று மாலையே மண்டபத்தில் பந்தி. சமையல்காரரும் வாடகையோடு சேர்ந்தவர்தான். ரேவதி மூக்கில் பஞ்சோடு எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள், காயத்ரி வலப்பக்கம். இலையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. பரிமாறுகிறவர் ரசம் எடுக்கத் திரும்பினார். என் இலை இடப்பக்கம் நகர்ந்தது; காலி இலை ஒன்று வந்தது. அவர் அதை நிரப்பிவிட்டு மோர் எடுக்கத் திரும்பினார். இப்போது வலப்பக்கம் நகர்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் தண்ணீர் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை பேருந்துக்கு முன் மண்டிக்குப் போனேன். வாசல் பேனரில் பதினைந்தாவதாக என் முகத்தையும் ஒட்டியிருந்தார்கள். வாய் நிறையச் சோறு இருந்தபோது எடுத்த படம். நான் கழித்துவிட்ட அந்த மூன்று பேருக்கும் போன் செய்து, அன்றைக்கு யார் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முனுசாமி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையிலிருந்து அவர் ஒரு மூட்டைக்கும் கூவவில்லை. எண் தெரியும்படி தராசைத் திருப்பி வைத்துவிட்டு, எல்லோரையும் அவரவரே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கஸ்தூரி வருத்தப்பட்டிருந்தார்.

"ஏறுங்க சார்" என்றார் என்னிடம். ஏறினேன். அவர் எண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்களே பாத்து சொல்லுங்க. எவ்ளோ காட்டுது?"

சிவப்பு எழுத்தில் எண்பத்தெட்டு தொள்ளாயிரம் என்று காட்டியது.

"எண்பத்து நாலு" என்றேன்.

அவர் திரும்பி எண்ணைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். இரண்டு நாளாகச் சிரிக்காத மனிதரின் மீசை துடித்தது.

"நானாவது ஒரு கிலோ கழிச்சேன்" என்றார். "நீங்க கோணிக்கு அஞ்சு கிலோ கழிக்கறீங்களே சார்."

பிறகு எழுந்து, காதிலிருந்த பேனாவைச் சரி செய்துகொண்டு, மண்டி முழுக்கக் கேட்கும்படி ராகம் போட்டு என் எடையைக் கூவினார். எண்பத்தெட்டு தொள்ளாயிரம். ஒரு கிராம்கூடக் கழிக்கவில்லை.